நவம்பர் பட்டியலில் விடுபட்ட நாள்



அக்டோபர் 4 திருப்பூர் குமரன் பிறந்த நாள் என்று போன மாதம் இதே பலகையில் படம் வரைந்து எழுதினோம். 1904-ல் சென்னிமலையில் பிறந்தவர், 1932-ல் நம்ம ஊர் வீதியில் கொடியை விடாமல் அடிபட்டு இறந்தவர். இது எல்லோருக்கும் மனப்பாடம்.

இந்த மாதப் பட்டியலில் 14 குழந்தைகள் தினம், 18 வ.உ.சி. நினைவு நாள், 24 கோவை மாவட்டம் உருவான நாள் (1804) என்று இருக்கிறது. "அது கோயமுத்தூர்க்காரங்களுக்குத்தானே, நமக்கெதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். 2009-ல் தனி மாவட்டம் ஆகும்வரை திருப்பூரும் கோவை மாவட்டம்தான்டி!

ஆனால் என் கருத்துப்படி பட்டியலில் ஒரு நாள் குறைகிறது. 2011 நவம்பரில் நம்ம ஊரில் வெள்ளம் வந்த நாள்.

அப்போது எனக்கு நாலு மாசம். ராத்திரி ஜம்மனை ஓடைத் தண்ணி வீட்டுக்குள்ளே வந்ததும் அம்மா என்னைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஓடினாராம். தையல் மெஷின், அரிசி, ரேஷன் கார்டு எல்லாம் போச்சு. எங்களுக்குப் பொருள்தான் போனது. ஊரில் சிலருக்கு உயிரே போனது.

என்ன தேதி என்று வீட்டில் கேட்டேன். அப்பா "தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல" என்றார். அம்மா "பக்ரீத் சமயம், பக்கத்து பாய் வீட்டுல அடுப்பே பத்த வைக்க முடியல" என்றார். அம்மிச்சி "ஐப்பசி மழை கண்ணு, தேதியெல்லாம் யாரு பாத்தா?" என்று முடித்துவிட்டார். நூறு வருஷத்துக்கு முந்திய தேதியெல்லாம் பரீட்சையில் எழுதுகிறோம். அம்மா நடுங்கிக்கொண்டு நின்ற ராத்திரிக்குத் தேதி இல்லை.

துக்கத்தையெல்லாம் எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். குமரன் நினைவு நாளான ஜனவரி 11-ம் துக்கம்தானே, அதை எழுதுகிறோமே? வெள்ளத்தை மறந்துபோனதால்தான் ஓடையில் பனியன் வேஸ்ட்டும் குப்பையும் தைரியமாகக் கொட்டுகிறார்கள். பொய் சொல்ல மாட்டேன், நானும் பாலித்தீன் கவரை வீசியிருக்கிறேன். அம்மாவிடம் இதைக் கேட்ட பிறகு வீசுவதில்லை.

அதனால் ஆசிரியர்களிடம் அனுமதி கேட்டு, இந்தத் தாளுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் அது என்ன தேதி, என்ன கிழமை, தண்ணி எதுவரைக்கும் வந்தது என்று கேட்டு வந்து பென்சிலால் எழுதுங்கள். முதல் வரியை நானே எழுதிவிட்டேன்: எங்கள் வீட்டில், அம்மாவின் இடுப்பு வரைக்கும்.

- 9 'ஆ' பிரிவு மாணவி