தோளில் கிடக்கும் துண்டு

பெரிய வியாழன் ஆராதனையில் யோவான் 13ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்போதெல்லாம் கால் கழுவியதைப் பற்றியே பேசுகிறோம். துண்டைப் பற்றிப் பேசுவதில்லை. இயேசு மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஊர்ப் பெரிய மனிதர் எதிரே வந்தால் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்ட வேண்டும் என்று தலைமுறைகளாக மிரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று நம் சபைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்த் தாழ்மையைப் பிரசங்கிப்பது கொடுமை. தோளில் துண்டு கிடப்பவரிடம் கேட்க வேண்டியது அது.

மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகினை இங்கே நினைத்துக்கொள்கிறோம். நாடு விடுதலை பெற்று ஆறு வாரம்தான் கடந்திருந்த காலம். 1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவான அன்றே அவரும் அபிஷேகம் பெற்றார். வயது 37. அவரை அனுப்பிய ஸ்காட்லாந்து திருச்சபையில் பிஷப் என்ற பதவியே கிடையாது. இங்கே அவரிடம் வந்துசேர்ந்த சபைகளில் பெரும்பகுதி அமெரிக்கன் மதுரா மிஷன் வளர்த்தவை. அவற்றுக்கும் பிஷப் என்றால் என்னவென்று தெரியாது. ஆக, இந்த மண்ணில் அந்தப் பதவியை அரண்மனையாகவும் கட்டியிருக்கலாம், வேலையாகவும் வைத்திருக்கலாம். அவர் ஊர் ஊராகப் போனார். சம்பள உபதேசியார்களை மட்டும் நம்பியிராமல், அந்தந்த ஊர்க்காரர்களையே சபையை நடத்தப் பழக்கினார்.

பேராயராக இருந்த காலத்துச் சம்பவம் ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். ஆற்றைத் தாண்டிப் போகும் ஒரு கிராமம். ஊருக்குள் நுழைய இரண்டு வழி. மேளம், மாலை, வெடியோடு சபையார் ஒரு முனையில் காத்திருக்க, இவர் மறுமுனை வழியாக வந்துவிட்டார். அங்கே ஆடும் கோழியும்தான் நின்றன. இவர் மறைவாக ஒதுங்கிக்கொள்ள, ஊருக்குத் தகவல் போய், மொத்தக் கூட்டமும் திரும்பி இந்தப் பக்கம் வந்தது. மனந்திரும்புதல் என்றால் இப்படித் திசை மாறி நிற்பதுதான் என்று விளக்க அதைப் பயன்படுத்தினார். நமக்கோ அந்த மறைவிடம்தான் மனதில் நிற்கிறது. தாமதத்துக்காக ஊரைக் கடிந்துகொள்ளாமல், அவர்கள் ஆசையாகச் செய்த வரவேற்பு கெட்டுவிடக் கூடாதே என்று ஒரு பேராயர் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

1965இல் சென்னைப் பேராயரானார். அந்த நகரத்து ஆயர்களோடு ஊழியத்தைப் பற்றி அவர் பேசியவை பிறகு நூலாக வந்தன. 1974இல், 64 வயதில் ஓய்வு பெற்றார். அவரும் மனைவி ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பையோடு, கிடைத்த பேருந்துகளில் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கான ஊழியத்துக்குப் பின் கையில் மிஞ்சியிருந்த சாமான் அவ்வளவே.

அதே தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கும் சினாடு திருத்தம், நம் காலத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. மூன்று ஆண்டுகளுக்காக ஒரு திருச்சபை வழக்காடியதே நம்மை வருத்துகிறது. பதவியில் ஏறுவதற்கு ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். இறங்கிப் போவதற்கும் ஒருவருக்குப் பெலன் வேண்டும், அதற்காக எந்தச் சேகரத்திலாவது ஜெபித்திருக்கிறோமா?

நியூபிகின் பின்னர் பர்மிங்ஹாமின் வின்சன் கிரீனில், சிறைச்சாலைக்கு எதிரே, மூடிவிட நினைத்திருந்த ஒரு சிறிய சபைக்குப் போதகரானார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வீடு வீடாகப் போனார். சுவிசேஷத்தின் மீது அங்கே கண்ட குளிர்ந்த அலட்சியம், இந்தியாவில் தான் சந்தித்த எதையும்விடக் கடினமானது என்று எழுதியிருக்கிறார். போவதை நிறுத்தவில்லை.

நம் சேகரக் கமிட்டிகளிடம் இந்த இதழ் ஒன்று கேட்கிறது. அசன விழாவிலும் ஆண்டு விழாவிலும் மேடை நடுவே, வெள்ளைத் துண்டு விரித்த உயரமான நாற்காலி ஒன்றைப் போடுகிறீர்கள். இந்த ஆண்டு அதைப் போட வேண்டாம். பந்தியில் பரிமாற ஆள் எப்போதும் போதாது. அந்தத் துண்டை ஆயர் கையில் கொடுத்து, சாம்பார் வாளி இருக்கும் பக்கம் அழைத்துப் போங்கள்.