ராமென் கடை வாசலில்



ஜப்பானில் பணிபுரியும் மகன், அத்தாவையும் அம்மாவையும் மனைவி மக்களையும் விடுமுறைக்கு அழைத்துக்கொள்வது இன்று நம் வீடுகளிலும் நடக்கிறது. விசா, விமானச் சீட்டு, குளிருக்குக் கம்பளி என அனைத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். நண்பகல் பசியில் குழந்தை ராமென் கடையின் படத்தைக் காட்டி அடம்பிடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எவரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

ராமென் என்பது கோதுமை நூடுல்ஸைச் சூடான சாற்றில் இட்டுத் தரும் கிண்ண உணவு. சீனரிடமிருந்து சென்றது. 1910இல் டோக்கியோவின் அசக்குசா பகுதியில் திறக்கப்பட்ட ராய்ராய்கென் என்னும் கடை இதனைப் பரப்பியதில் பெயர் பெற்றது. மாவைப் பிசையும் நீரில் சோடா உப்பைப் போன்ற ஒன்றைக் கரைப்பதால் மஞ்சள் நிறமும் இழுபடும் தன்மையும் உண்டாகின்றன. இதுவரை நமக்குத் தடையேதுமில்லை. சிக்கல் சாற்றில் இருக்கிறது.

கியூஷு தீவுக்குரிய 'டொன்கொட்சு' என்பது, பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துப் பால் போல் வெண்மையாக எடுக்கும் சாறு. மேலே வைக்கும் இறைச்சித் துண்டும் பெரும்பாலும் பன்றியே. மிசோ, ஷோயு, ஷியோ என்று பலகையில் காணும் பெயர்கள் சுவையூட்டியைக் குறிப்பனவே. சாறு எதில் காய்ச்சியது என்பதை அவை சொல்வதில்லை. கோழிச் சாற்றிலும் பன்றிக் கொழுப்பு ஒரு கரண்டி சேர்வதுண்டு. இனிப்புக்காக ஊற்றும் 'மிரின்' என்பதோ ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட அரிசி மது. "கறித்துண்டை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடு" என்று பிள்ளைக்குச் சொல்லும் தந்தையர் இருக்கிறார்கள். சாற்றை எப்படி எடுத்து வைப்பது?

பல கடைகளில் வாசலிலேயே இயந்திரத்தில் காசிட்டுச் சீட்டு வாங்க வேண்டும். காசு போடுமுன் உள்ளே சென்று கேட்டுவிடுங்கள். 'பன்றியும் மதுவும் சேர்ந்திருக்கிறதா?' என்பதை ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டினால் போதும். இதைக் கேட்பது மகனின் கடமை. அவன் கூச்சப்பட்டுத் தயங்கினால், "எனக்குப் பசியில்லைப்பா" என்று சொல்லி அம்மா பிஸ்கட்டோடு பகலைக் கழித்துவிடுவார். மகன் மனம் நோகுமே என்று வாய் திறக்கமாட்டார்.

எங்கள் கீழக்குயில்குடியின் சமணர் மலையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. சமணத் துறவியர் புலால் உண்ணாதவர். பொழுது சாய்ந்தபின் எதையும் உண்ணாதவர். உணவைக் கேட்டறிந்து உண்பது நமக்கு மட்டுமே உரிய வினோதம் என்று வெட்கப்படுவோர் அம்மலைக்கு ஒருமுறை வரட்டும்.

அசக்குசாவிலும் கியோத்தோவிலும் ஹலால் ராமென் கடைகள் இன்று இருக்கின்றன. 'முஸ்லிம்களுக்கு உகந்தது' என்ற பலகையைக் கண்டால் மட்டும் சற்று நிதானியுங்கள். பன்றி இல்லை, ஆனால் மது விற்போம் என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

ஜப்பான் எட்டாதவர்க்குப் பினாங்கு இருக்கிறது. அங்கே குடியேறிய நம் தமிழ் முஸ்லிம்கள் சீனரின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சோயாக்கட்டியும் சேர்த்துப் பிரட்டி, 'மீ கோரேங் மாமாக்' என்று தம்முடையதாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தக் கடைகளில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். காரத்தைக் குறைக்கச் சொல்வது ஒன்றுதான் அம்மாவுக்கு வேலை.