விரலுக்குத் தெரியாத தேய்மானம்

பழைய சைக்கிளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிரேக் கட்டை தேயத் தேய, பிடியைக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். பிடி போய் ஹேண்டில்பாரை முட்டினால், கட்டை தீர்ந்துவிட்டது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். கம்பியை இறுக்குவோம், இல்லாவிட்டால் கடைக்கு உருட்டிக்கொண்டு போவோம்.

இன்று சனி, ஞாயிறுகளில் புக்கிட் தீமாவிலும் செஸ்நட் இயற்கைப் பூங்காவிலும் சேறு தெறிக்க ஓடும் மலைப்பாதை சைக்கிள்களில் பலவற்றுக்கு அந்தக் குணம் கிடையாது. அவற்றில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஒரு விரல், இரண்டு விரல் போதும், வண்டி நின்றுவிடும். மழையிலும் கைகொடுக்கும். ஆனால் பேட் பாதி தேய்ந்தாலும் முக்கால்வாசி தேய்ந்தாலும் விரலுக்குப் பெரிதாக எந்த வித்தியாசமும் தெரியாது.

ஏன் அப்படி? சக்கரத்தின் நடுவில் ஓர் உலோகத் தட்டு சுழல்கிறது. அதன் இரண்டு பக்கமும் பேட்கள். பிடியை அழுத்தினால் குழாயில் உள்ள எண்ணெய் பிஸ்டன்களைத் தள்ளும். அவை பேட்களைத் தட்டின்மீது நெருக்கும். பிடியை விட்டதும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அதை இம்மி அளவு பின்னுக்கு இழுக்கும். பேட் தேய்ந்திருந்தால், பிஸ்டன் அந்த வளையத்துக்குள் சற்று முன்னே நழுவி, அடுத்த முறை அங்கிருந்தே கிளம்பும். அந்த இடைவெளியை நிரப்ப, பிடியருகே இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கிவரும்.

அதாவது தன் தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்கிற பிரேக் இது. வீட்டில் எவ்வளவு கஷ்டம் இருந்தாலும் விருந்தாளி முன்னால் சிரித்த முகத்தோடு நிற்கும் அம்மாவைப் போல. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அரிசி டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த டப்பாவில் இருப்பதும் அதிகமில்லை. புதிய பேடில் உராயும் பகுதியின் தடிமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதன் பின்னால் வெறும் உலோகத் தகடுதான். உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடச் சொல்கிறது ஷிமானோ நிறுவனத்தின் கையேடு. ஆக, நாம் செலவு செய்யக் கிடைப்பது ஒன்றரை மில்லிமீட்டர்.

அது எத்தனை நாள் வரும் என்பதைக் கிலோமீட்டர் கணக்கில் சொல்ல முடியாது. காய்ந்த நாள்களில் பூங்கா இணைப்புப் பாதையில் மட்டும் ஓட்டுபவருக்குப் பல மாதங்கள் உழைக்கும். அதே பேட், மழையில் சேற்றுச் சரிவுகளில் இறங்குபவருக்குச் சில சவாரிகளிலேயே கரைந்துபோகலாம்.

புலாவ் உபினை எடுத்துக்கொள்ளுங்கள். அது கருங்கல் தீவு. ஜோகூர் கடற்பாலம் கட்டக் கல் போனது அங்கிருந்துதான். அங்குள்ள கெத்தாம் மலைப்பாதை சைக்கிள் பூங்காவும் பழைய கல் குவாரியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. கருங்கல் சிதைந்தால் மிஞ்சுவதில் முக்கியமானது குவார்ட்ஸ் மணல். கண்ணாடியையே கீறக்கூடியது. மழைத் தண்ணீரோடு அந்த மணல் தட்டிலும் பேடிலும் ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறை பிரேக் பிடிப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். ஆண்டுக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை நாள்களில், பேட் வேகமாகக் காலியாவது இதனால்தான்.

எந்தப் பேட் வாங்குவது என்பதும் இங்கே முக்கியம். ரெசின் பேட் மென்மையாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, ஆனால் ஈரத்தில் சீக்கிரம் தேயும். உலோகத் துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்யும் பேட், சேற்றுக்கும் நீண்ட இறக்கத்துக்கும் தாங்கும். சத்தம் சற்று அதிகம். வாங்குமுன் உங்கள் தட்டைப் பாருங்கள். சிலவற்றில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அவற்றில் உலோகப் பேட் போட்டால் தட்டு சீக்கிரம் வீணாகும்.

சரி, எப்படிப் பார்ப்பது? தட்டு ஆறிய பிறகு, சக்கரம் சுழலாமல் நிற்கும்போது, கைப்பேசியின் டார்ச்சை பிரேக்கின் இடுக்கில் அடித்துப் பாருங்கள். நடுவில் தட்டு, இரு பக்கமும் பேட், அதற்கு வெளியே பின்தகடு தெரியும். சரியாகத் தெரியாவிட்டால் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். அளவுகோல் உங்கள் பணப்பையிலேயே இருக்கிறது. வங்கி அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். பேட் அந்த அட்டை அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தேய்வதும் உண்டு. ஓர் எச்சரிக்கை: சக்கரம் கழன்றிருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தாதீர்கள். பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்கள் ஒட்டிக்கொள்ளும்.

வானொலிக்காரியான எனக்குக் காதுதான் சோறு போடுகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் காதை நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். ‘கீச்’ என்ற சத்தம் ஈரத்தாலும் வரும், அழுக்காலும் வரும், நல்ல பேடிலும் வரும். ‘கரகர’ என்று இரும்பு உரசும் சத்தம் கேட்டால் உடனே இறங்கிவிட வேண்டும். பேட் தீர்ந்து பின்தகடு தட்டை அரைக்கிறது என்று அர்த்தம். அதற்குள் பேட் செலவோடு தட்டுச் செலவும் சேர்ந்துவிடும். இறக்கத்தின் நடுவில் அது நடந்தால், செலவைப் பற்றி யோசிக்கிற நிலையிலேயே நாம் இருக்க மாட்டோம்.

சத்தம் வருகிறதே என்று சிலர் கதவுக் கீலுக்கு விடுவதுபோல எண்ணெய் விடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு துளி போதும், பேட் அதைக் குடித்துவிடும். பிறகு பிடிக்கவே பிடிக்காது. சங்கிலிக்கு எண்ணெய் தெளிக்கும்போதும் பின்தட்டை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

புதிய பேட் போட்டதும் நேராக மலைச்சரிவுக்குப் போகக் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில், மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் இறுகி நிற்காமல், 20 முறையாவது பிரேக் பிடியுங்கள். பேடின் பூச்சு மெல்லியதாகத் தட்டில் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு கிடைக்கும்.

சிங்கப்பூரில் பொதுப் பாதையில் ஓடும் சைக்கிளுக்குக் கைப்பிரேக் கட்டாயம். பிரேக் இருக்கிறதா என்று சட்டம் கேட்கும். அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாம்தான் கேட்க வேண்டும். குறிப்பாக, பிள்ளைக்காகப் பிறர் ஓட்டிய சைக்கிளை வாங்கும் பெற்றோர் நிறமும் கியரும் பார்ப்பதற்கு முன் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிடியை அழுத்திப் பார்த்து ‘நன்றாகத்தானே பிடிக்கிறது’ என்று திருப்தி அடையாதீர்கள். தேய்ந்த பேடும் கடையில் நிற்கும்போது நன்றாகத்தான் பிடிக்கும். பிள்ளை அதை நம்பித்தான் இறக்கத்தில் போகும்.

மாதம் ஒரு முறை, மழைக்காலமாக இருந்தால் ஒவ்வொரு சேற்றுச் சவாரிக்குப் பிறகும், சைக்கிளைக் கழுவும் கையோடு பார்த்துவிடுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டு நிமிட வேலை.