ஓடுகிற காலில் ஒரு கீறல்

ராயகிரியிலிருந்து ஒரு தாயார் எழுதுகிறார்: “என் பெண் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்குத் தினமும் ஓடிப் பழகுகிறாள். மூன்று வாரமாகப் பாதத்தின் வெளிப்புறம் வலி. சுளுக்கு வழித்தோம், கேட்கவில்லை. எலும்பில் கீறல், ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். பெண்பிள்ளை காலில் கத்தி வைப்பதா?”

அம்மா, உங்கள் கவலை நியாயமே. ஆனால், கத்தியைவிட நீங்கள் பயப்பட வேண்டியது அந்தச் சுளுக்கு வழித்தலுக்குத்தான்!

விழாமல், அடிபடாமல் எலும்பு விரியுமா? விரியும். கம்பியை ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் ஒடிகிறதல்லவா? ஓய்வில்லாமல் ஓடும் காலும் அப்படித்தான். பி. வி. சிந்து 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றது இடது காலில் வலியோடுதான். பிறகு கீறல் என்று தெரிந்தது. 2023 ஜனவரியில்தான் மறுபடி பந்தயத்துக்கு வந்தார்.

முதல் எக்ஸ்ரேயில் இந்தக் கீறல் தெரியாமலே போகலாம். இரண்டு மூன்று வாரம் கழித்தே தெரியும். ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்றாலும், வலி இருக்கும்வரை ஓடவிடாதீர்கள்.

பாதத்தின் நடு எலும்புகள் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வார ஓய்விலேயே கூடிவிடும். சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பின் அடிப்பாகம் மட்டும் பொல்லாதது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. எளிதில் கூடாது, கூடினாலும் மறுபடி விரியக்கூடும். 1902-ல் இந்த இடத்து முறிவைப் பற்றி எழுதிய சர் ராபர்ட் ஜோன்ஸ் என்ற டாக்டர், நடனமாடித் தம் காலையே உடைத்துக்கொண்டவர்! விளையாடுகிறவர்களுக்கு இங்கே சிறு துளை வழியே எலும்புக்குள் நெடுக ஒரு திருகாணியைச் செலுத்தி இறுக்குகிறார்கள். சில சமயம் இடுப்பெலும்பிலிருந்து துளி எடுத்து வைப்பதும் உண்டு. உங்கள் பெண்ணுக்கு எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு அதையும் பொறுத்தது.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் பெண்ணிடம் கேளுங்கள். மாதவிலக்கு தவறுகிறதா? உடம்பு இளைத்தால் வேகமாக ஓடலாமென்று அரை வயிறு சாப்பிடுகிறாளா? அப்படியானால் எலும்பும் இளைக்கும். அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அந்தக் குறை தீராவிட்டால், திருகாணி வைத்த பிறகும் வேறோர் எலும்பில் கீறல் விழலாம். வயிறாரச் சோறு, பால், மோர், கேழ்வரகு, கீரை எல்லாம் கொடுங்கள்.

ஆபரேஷன் ஆனாலும், எலும்பு கூடிவிட்டதென்று டாக்டர் சொன்ன பிறகே ஓட வேண்டும். இந்த வருஷப் பந்தயத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அழுவாள், அழட்டும். அடுத்த வருஷம் ஓடுவதற்குக் கால் வேண்டுமே!