பதினேழு அங்குலப் பொய்

மட்டக்களப்பில் பழைய சிவிக் ஒன்றையோ லான்சர் ஒன்றையோ வாங்குகிற இளைஞர்களில் பலர் முதலில் செய்கிற வேலை, கம்பனி போட்டுவிட்ட பதினான்கு அங்குல ரிம்மைக் கழற்றி விற்பதுதான். அந்த இடத்தில் பதினேழு அங்குல அலோய் வீல் ஏறும். அதைச் சுற்றி அகலமான, பக்கச்சுவர் ஒடுங்கிய டயர். ஏன் தம்பி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அகலமா இருந்தாத்தான் றோட்டைப் பிடிக்கும், பெருசா இருந்தாத்தான் அது ஸ்போர்ட்ஸ் கார்." கராஜில் இதையே சொல்கிறார்கள். ரிம் விற்கிறவர் இதையே சொல்கிறார். ஸ்டேரிங்கைத் தொட்டுப் பார்க்காத மாமாமார்கூடக் கல்யாண வீட்டில் இதைத்தான் சொல்கிறார்கள். உன்னிச்சைக்குப் போய்வருகிற ஒரு பழைய காருக்கு இது உயிராபத்தான பொய். இதைச் சொல்லி ரிம் விற்கிறவர்கள் செய்வது வியாபாரம் என்று மட்டும் விட்டுவிடக் கூடியதல்ல.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை என்று போனால் உன்னிச்சைக் குளம். காபட் போட்ட வீதியில் எந்தச் சக்கரமும் நன்றாகத்தான் ஓடும். அதை விட்டு உள்ளே இறங்கினால் கிறவல். மாரியில் கிறவல் கரைந்து கிடங்காகும். விதைப்பிலும் வெட்டிலும் உழவு இயந்திரங்கள் வயல் சேற்றை இழுத்துவந்து றோட்டில் அப்பிவிட்டுப் போகும். பொழுதுபட்டால் மாடுகள் நடுறோட்டில் படுத்திருக்கும், இன்னும் இருட்டினால் யானை. வடகீழ்ப் பருவமழை உரத்துக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் றோட்டைக் குறுக்கறுத்துப் பாயும். இந்த நிலத்தில் ஒரு டயர் ஈரத்திலும் சேற்றிலும் காரை நிறுத்த வேண்டும், கிடங்கில் விழுந்தால் தாங்க வேண்டும். கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுக்கும்போது எப்படித் தெரிகிறது என்பது அதற்கெல்லாம் பிறகுதான்.

அகலம் பிடிமானம் தரும் என்கிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 1000 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 250 கிலோ. டயருக்குள் 30 பிஎஸ்ஐ காற்று என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 2.1 கிலோ அழுத்தம். 250ஐ 2.1ஆல் வகுத்தால் 119 சதுர சென்ரிமீற்றர். நிலத்தைத் தொடுகிற இறப்பர் அவ்வளவுதான், ஓர் உள்ளங்கை அளவு. டயரின் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் கணக்கு அச்சொட்டாக வராது, ஆனால் போகிற திசை இதுதான். காற்றும் பாரமும் மாறாதவரை டயரை அகலமாக்கினால் அந்த உள்ளங்கை பக்கவாட்டில் விரியும், நீளவாட்டில் சுருங்கும். பரப்பு பெரிதாகக் கூடாது.

காய்ந்த, சமமான பந்தயத் தளத்தில் அகல டயர் வளைவில் கூடுதலாகப் பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பாரம் அகலவாட்டில் பரவும்போது இறப்பர் நன்றாக வேலை செய்யும், சூட்டையும் தாங்கும். அங்கேகூட வெற்றியில் பெரும்பங்கு இறப்பர்க் கலவைக்கு. நல்ல கலவையில் செய்த 185 மில்லிமீற்றர் அகல டயர், காய்ந்து இறுகிப்போன 215 மில்லிமீற்றர் டயரை எந்த வளைவிலும் தோற்கடிக்கும். நம் இளைஞர்கள் செய்வதோ தலைகீழ். காசையெல்லாம் ரிம்மில் கொட்டிவிட்டு, மிஞ்சிய சில்லறைக்கு யாரோ கழற்றிப்போட்ட பழைய டயரை வாங்கி ஏற்றுகிறார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்று அந்தக் கார்களைச் செய்தவர்களிடமே பார்க்கலாம். 1997இல் ஹொண்டா சிவிக் டைப் ஆர் என்ற ஈகே9ஐ வெளியிட்டது. 1.6 லீற்றர் எஞ்சினிலிருந்து 185 குதிரைவலு, முன்சக்கர ஓட்டம், பந்தயத்தை மனதில் வைத்தே இழைத்து இழைத்துச் செய்த கார். அதற்கு ஹொண்டா போட்டது 195/55 ஆர்15: டயர் 195 மில்லிமீற்றர் அகலம், பக்கச்சுவர் அந்த அகலத்தில் 55 வீதம், ரிம் பதினைந்து அங்குலம். அதே தலைமுறையில் நம் ஊரில் ஓடுகிற ஈகே3க்கு அதைவிட எவ்வளவோ குறைந்த வலு. அதற்குப் பதினேழு அங்குலம் வேண்டும் என்று சொல்கிறவர், டைப் ஆரைச் செய்த பொறியியலாளர்களைவிடத் தனக்குக் கூடத் தெரியும் என்கிறார். 1980களில் டொயோட்டா செய்த ஏஈ86 கொரோலா லெவின், மலைப்பாதையில் ஓட்டத் தெரிந்தவர்கள் இன்றும் தேடித் திரிகிற கார். அதன் சில வகைகளுக்கு 185/60 ஆர்14. 1989இல் மஸ்தா யூனோஸ் ரோட்ஸ்டரை விட்டது. திருப்பத்தில் அதன் சுகத்தை மிஞ்சிய கார் குறைவு என்று உலகம் முழுக்கச் சொல்வார்கள். அதற்கும் அதே 185/60 ஆர்14தான்.

இலங்கையில் இன்னும் ஆங்காங்கே ஓடுகிற மினியை எடுங்கள். 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடமும் மொன்ரி கார்லோ ராலியை வென்றது மினி கூப்பர் எஸ். அதன் சக்கரம் பத்து அங்குலம். பந்தயச் சுற்றுகளில் அதிவேகமாக ஓடுகிற ஃபோர்முலா 1 கார்கள் 2021 வரை 13 அங்குல ரிம்மில்தான் ஓடின. பதினெட்டுக்கு மாறியது 2022இல். உலக ராலிப் போட்டியில் தார்ப் பாதைக்கு 18 அங்குலம் போடுகிற அணிகள் கிறவல் பாதைக்கு வந்தால் 15 அங்குலத்துக்கு இறங்குகின்றன. கிறவலில் உலகத்திலேயே வேகமாகப் போகிறவர்கள் சின்ன ரிம்மும் உயரமான பக்கச்சுவரும் போடுகிறார்கள். உன்னிச்சைக் கிறவலில் மாட்டுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிற நமக்குப் பதினேழு எதற்கு?

"அப்ப ஏன் லம்போகினிக்குப் பெரிய வீல்?" இதுவும் அடிக்கடி கேட்கிற கேள்வி. அந்தக் கார்களின் பிரேக் டிஸ்க் அவ்வளவு பெரிது, சின்ன ரிம்முக்குள் அது அடங்காது. அந்த வீலுக்கென்றே சஸ்பென்ஷனையும் வரைந்திருக்கிறார்கள். 1990களின் சிவிக்கிலோ லான்சரிலோ பதினேழு அங்குல ரிம்முக்குள்ளே எட்டிப் பாருங்கள். கம்பனி போட்ட சின்ன டிஸ்க் நடுவில் தனியே நிற்கும், சுற்றிவர வெறும் காற்று.

ஆயித்தியமலைப் பக்கம் ஒரு கராஜில் கண்டதைச் சொல்கிறேன். ஜாக்கில் ஏற்றிய வெள்ளை லான்சர், கழற்றிப் படுக்கவைத்த முன்சக்கரம். பாஸ் சவர்க்காரத் தண்ணீரை ரிம்மின் உள்விளிம்பில் ஊற்றினார். ஓர் இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழாக நுரை எழும்பிக்கொண்டே இருந்தது. விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு உள்ளே மடிந்திருந்தது. "இஞ்ச பாரு மனே, கிடங்குல அடிச்சி ரிம் நெளிஞ்சி போச்சு. டயரும் உள்ளுக்குத் தேய்ஞ்சி கம்பி தெரியிது." உடைமைக்காரப் பொடியன், "நேற்றுத்தானே அண்ணன் காத்தடிச்சன்" என்றான். வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயர் புத்தம்புதிது. உள்தோளில் நூலும் கம்பியும் எட்டிப்பார்த்தன. அந்த டயரில்தான் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போய்வந்திருக்கிறான்.

இது கெட்ட காலத்தால் வந்த வினையில்லை. 185/60 ஆர்14 டயரின் பக்கச்சுவர் 111 மில்லிமீற்றர். 205/40 ஆர்17இன் பக்கச்சுவர் 82. கிடங்கின் அடியை வாங்கிக்கொள்ள இருந்த இறப்பரில் 29 மில்லிமீற்றரை வெட்டி எடுத்தால், அடி நேரே ரிம்மில் விழாமல் எங்கே விழும்?

தேய்மானத்துக்கு ஓஃப்செட்டும் ஒரு காரணம். வீலைப் பொருத்துகிற முகத்துக்கும் வீலின் நடுக்கோட்டுக்கும் இடையிலான தூரம் அது. ரிம் வாங்கப் போகிறவர்களில் பலர் அந்தச் சொல்லையே கேட்டிருப்பதில்லை. ரோட்ஸ்டரின் மூல ரிம் 5.5 அங்குல அகலம், ஓஃப்செட் 45 மில்லிமீற்றர். அதன் இடத்தில் 7.5 அங்குல அகலமும் 35 ஓஃப்செட்டும் உள்ள ரிம்மை ஏற்றினால் வெளிவிளிம்பு 35 மில்லிமீற்றர் வெளியே தள்ளும், உள்விளிம்பு 15 மில்லிமீற்றர் உள்ளே போகும். வெளியே மட்கார்ட்டில் உரசும், உள்ளே ஷொக் அப்சோபரில் உரசும். மட்கார்ட்டைச் சுத்தியலால் மடித்துவிட்டால் சரி என்கிறார்கள். வீல் பெயாரிங்குக்கு யார் சொல்வது? சக்கரம் வெளியே போகப் போக பெயாரிங்கை நெம்புகிற பாரம் கூடும், ஸ்டேரிங் ஒவ்வொரு கிடங்குக்கும் கையை இழுக்கும். சக்கரத்தை வெளியே தள்ள ஸ்பேசர் போடுவதும் இதே வினைதான், விலைதான் குறைவு.

உயரமும் ஏமாற்றும். 185/60 ஆர்14இன் மொத்த விட்டம் 578 மில்லிமீற்றர். கடையில் இருந்தது என்று 205/45 ஆர்17ஐ ஏற்றினால் 616. ஸ்பீடோமீற்றர் 100 காட்டும்போது கார் 106க்கு மேல் ஓடும். பிரேக் அதே பழைய பிரேக், சக்கரத்தின் நெம்பு மட்டும் நீண்டுவிட்டது. அதே மிதிக்குக் கார் முன்னைவிடப் பிந்தி நிற்கும். எடையும் சேர்ந்துகொள்ளும். ரோட்ஸ்டரின் மூல அலோய் ஆறு கிலோவுக்கும் குறைவு. மலிவான வார்ப்புப் பதினேழு ஒன்பது, பத்துக் கிலோவைத் தொடும். ஸ்பிரிங்குக்குக் கீழே இவ்வளவு பாரம் தொங்கினால் கிறவல் அலைகளில் சக்கரம் நிலத்தை விட்டுத் துள்ளும். நிலத்தைத் தொடாத டயருக்கு ஏது பிடிமானம்?

எல்லாவற்றிலும் மோசமானது மழை. டயருக்கு முன்னால் நிற்கிற தண்ணீரை அது விலக்கி வழிவிட வேண்டும். அகலமான டயர் கூடுதல் தண்ணீரை விலக்க வேண்டும், அதன் நீளம் சுருங்கிய உள்ளங்கைக்கு அதற்கான நேரமும் குறைவு. விலக்க முடியாத கணத்தில் கார் தண்ணீரின் மேல் மிதக்கும். விமானச் சக்கரங்களை வைத்து நாசா கண்ட விதி ஒன்று உண்டு: மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். அந்தக் கணக்கில் 30 பிஎஸ்ஐக்கு ஏறத்தாழ மணிக்கு 90 கிலோமீற்றர், 24 பிஎஸ்ஐக்கு 82. காரின் டயருக்கு, அதுவும் பட்டன் தேய்ந்த அகல டயருக்கு, அதற்கு முன்னரே நடக்கலாம். இங்கேதான் ஒரு பிழை இன்னொன்றைக் கூட்டிவருகிறது. பக்கச்சுவர் ஒடுங்கியதால் கார் குலுக்குகிறது. குலுக்கலைத் தணிக்கப் பொடியன் காற்றைக் குறைக்கிறான். காற்றைக் குறைத்தால் ரிம் இன்னும் சுலபமாக நெளியும், கார் இன்னும் குறைந்த வேகத்தில் மிதக்கும். 1990களின் கார்கள் பலவற்றில், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் இல்லை.

இந்தக் கார்களை நாசமாக்குவது எனக்குத் தாங்க முடியாத இன்னொரு விஷயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் முப்பது வயதுக் கார்கூட எட்டாத விலைக்குப் போனது. பெயாரிங்குக்கும் போல் ஜொயின்ற்றுக்கும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்குகிற நிலையில், இருக்கிறதைத் தேய்த்து அழிக்கிற ரிம்மைக் காசு கொடுத்து வாங்குவது என்ன நியாயம்?

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 185/60 ஆர்14 போட்ட காருக்கு 195/50 ஆர்15 அழகாகப் பொருந்தும். விட்டம் 576 மில்லிமீற்றர், மூல அளவிலிருந்து இரண்டு மில்லிமீற்றர்கூட விலகாது. பக்கச்சுவர் 97 மில்லிமீற்றருக்கு மேல் மிஞ்சும். ரிம்மில் ஓர் அங்குலம் கூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். ஆறு அல்லது ஆறரை அங்குல அகல ரிம், கம்பனி போட்டதுக்கு ஒட்டிய ஓஃப்செட், ரிம்மில் ஜேடபிள்யூஎல் என்கிற ஜப்பானியத் தர முத்திரை. டயரின் பாரக் குறியீடு 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், மூல டயரில் இருந்ததற்குக் கீழே இறங்காதீர்கள். பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கிற நான்கு இலக்கம் டயர் பிறந்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த டயரை யாராவது புதிது என்று தந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

நட் ஓட்டைகளின் வட்டம் 100 மில்லிமீற்றரா 114.3ஆ என்று பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை, அது பொருந்தாவிட்டால் வீல் ஏறவே ஏறாது. நடு ஓட்டையை யாரும் பார்ப்பதில்லை. நான்கு நட் டொயோட்டாக்கள் பலவற்றுக்கு அது 54.1 மில்லிமீற்றர், ஹொண்டாவுக்கு 56.1. பொதுவாக எல்லாக் காருக்கும் என்று விற்கிற ரிம்மில் 73.1 வரை அகண்டிருக்கும். இடைவெளியை நிரப்புகிற வளையம் இல்லாமல் பூட்டினால் வீல் நடுவில் உட்காராது, எண்பதில் ஸ்டேரிங் நடுங்கும், அலைன்மென்ற் கடைக்கு வீணாக அலைவீர்கள். ரிம் வாங்கும்போது அகலம், ஓஃப்செட், நடு ஓட்டை ஆகிய மூன்று எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் காசை எண்ண வேண்டாம்.