நாஸில் அடைப்பும் கரிசல் நாட்டு ஜலமும்

பயிருக்கு மருந்து தெளிக்கும் யந்திரத்தின் உறுப்புகளில் மிகச் சிறியதும் விலை குறைந்ததும் நாஸில் என்னும் தெளிமுனையே. தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், பாட்டரி எத்தனை மணி நேரம் உழைக்கும் என்றெல்லாம் விசாரித்து வாங்கும் சம்சாரி, குழாயின் நுனியிலுள்ள நாஸில் எத்தகையது என்று விசாரிப்பது அபூர்வம். விற்பவரும் சொல்வதில்லை. ஆயினும் மருந்து இலையில் படுவதும், மண்ணில் சிந்துவதும், காற்றோடு போவதும் அந்தச் சிறு துளையைப் பொறுத்தனவே. கயத்தாறு, கோவில்பட்டி முதலிய கரிசல் பிரதேசங்களில் அத்துளை அடைபடுவதைச் சில்லறைத் தொந்தரவு என்று தள்ளிவிடுவதற்கில்லை. பயிர், பணம், தேக சுகம் ஆகிய மூன்றையும் அது பாதிக்கிறது. அதற்குப் பரிகாரம் துளையைப் பெரிதாக்குவதன்று; ஜலத்தைப் படிப்படியாக வடிகட்டுவதும், வாயும் முள்ளும் வேண்டாத நாஸிலைக் கேட்டு வாங்குவதுமேயாகும்.

இப்பிரதேசத்தில் உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மக்காச்சோளம், கம்பு முதலியன பெரும்பாலும் வடகிழக்குப் பருவ மழையை நம்பி மானாவாரியாகவே விளைகின்றன. புஞ்சையில் கிணறு இல்லாதவர்கள் மருந்தடிப்பதற்குக் கண்மாய், ஊருணி, பண்ணைக்குட்டை, ஓடைக் கிடங்கு இவற்றிலிருந்து குடங்களிலும் கேன்களிலும் ஜலம் கொண்டுவருகிறார்கள். மருந்து தேவைப்படும் காலமும் மழைக்காலமே. ஜலம் கலங்கி நிற்கும் காலமும் அதுவே. ஆனால் அடைப்புக்குக் கரிசல் களியே காரணம் என்று எண்ணுவது தவறு. களித் துகள் ஒவ்வொன்றும் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்தது. ஒரு மில்லிமீட்டர் துளையில் அது தடையின்றிப் போய்விடும். அடைப்பவை வேறு: கரையாத மண் கட்டி, பாசி, சருகுத் தூள், சாக்கு நார், கட்டி கட்டிய மருந்துப் பொடி, முந்தின தடவை கழுவாமல் விட்டு உலர்ந்துபோன மருந்து ஆகியவை. இவை யாவும் வடிகட்டத் தக்கவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாஸில் அடைத்ததும் வழக்கமாகச் செய்யப்படும் காரியங்கள் மூன்று. முதலாவது, அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவது. மருந்து படிந்த பொருளை உதட்டில் வைப்பது விஷத்தை நேரே உட்கொள்வதற்கு ஒப்பாகும். மஹாராஷ்டிரத்தில் யவத்மால் ஜில்லாவில் 2017-ஆம் ஆண்டில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அடைபட்ட நாஸிலே அதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஓங்கி வளர்ந்த செடி, பல மருந்துகளின் கலப்பு, பாதுகாப்பு உடையின்மை எனப் பல காரணங்கள் எடுத்துக் காட்டப்பட்டன. எனினும், மருந்து எவ்வழியாகவும் உடலுக்குள் புகலாகாது என்பது அச்சம்பவத்தின் பாடம். வாயால் ஊதுவது அவ்வழிகளில் மிகக் குறுகியது.

இரண்டாவது, குண்டூசியாலோ கருவேல முள்ளாலோ துளையைக் குத்துவது. பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த நாஸில்கள் இதனால் விளிம்பு சிதைந்து துளை விரிகின்றன. ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளை 1.4 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு ஏறக்குறைய இரட்டித்துவிடும். அதே அழுத்தத்தில் வெளிவரும் திரவமும் ஏறக்குறைய இருமடங்காகும். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்கும் சம்சாரி 16 லிட்டர் தொட்டியைப் பன்னிரண்டு பதின்மூன்று தடவை நிரப்புகிறார். துளை விரிந்த நாஸிலுடன் அதே நடையில் நடப்பாரானால் இருபத்தைந்து தொட்டி வேண்டியிருக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் வழக்கமான அளவே மருந்து ஊற்றுவாராகில் மருந்துச் செலவும் இரட்டிக்கும். கடைக்காரர் கணக்கில் எழுதும் ரூபாய் முள் குத்தியதன் கூலி என்று ஒருவரும் அறிவதில்லை.

மூன்றாவது, அடிக்கடி அடைக்கிறதென்று சல்லடையையே கழற்றி எறிந்துவிடுவது. சல்லடை அடைபட்டால் அது தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். அதை எறிந்தவர் குப்பையை நாஸிலுக்கே அனுப்பிவைக்கிறார்.

துளையைப் பெரிதாகச் செய்துவிட்டால் அடைப்பே இராதே என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே, ஆனால் இப்பிரதேசத்துக்கு அது முழுதும் பொருந்தாது. பெரிய துளை அதிக ஜலம் கேட்கும். ஒவ்வொரு குடத்தையும் தூரத்திலிருந்து சுமந்து வருபவருக்கு அது கட்டாது. மேலும் பெரிய துளிகள் இலையில் தங்காமல் உருண்டு விழும். இலையின் அடிப்புறத்தில் ஒளியும் அசுவினி, வெள்ளை ஈ முதலியவற்றை அவை எட்டா. மாறாக, துளையை மிகச் சிறிதாக்கினால் அடைப்பு மிகும். புகைபோல் எழும் நுண்துளிகள் காற்றோடு பக்கத்துப் புஞ்சைக்கும் தெளிப்பவர் முகத்துக்கும் போகும். காற்றாலைகள் சுழலும் கயத்தாற்றுச் சீமையில் காற்றின் வேகத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நடுத்தரத் துளையே தக்கது. அதை அடையாமல் காப்பது எப்படி என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த யோசனை புதியதன்று. 1880-களில் அமெரிக்காவில் பருத்தி இலையைத் தின்னும் புழுவை ஒழிக்க, ஜலத்தில் கரையாத விஷப் பொடிகளைக் கலக்கித் தெளித்தார்கள். பொடி படிந்து துளைகள் ஓயாமல் அடைத்தன. சார்லஸ் ரைலி என்னும் பூச்சியியல் நிபுணரின் கீழ்ப் பணியாற்றிய பர்னார்ட் என்பவர், வட்டமான சிறு அறை ஒன்றைச் செய்து, அதன் பக்கவாட்டில் திரவம் புகுந்து சுழன்று, மூடியின் நடுவிலுள்ள துளை வழியே கூம்பு வடிவில் வெளிவருமாறு அமைத்தார். இன்று பருத்திக்கும் பயறுக்கும் உபயோகமாகும் கூம்பு நாஸில்களுக்கு மூலம் அதுவே. பின்னர், 1885-இல் பிரான்ஸ் தேசத்தில் மில்லார்டே என்னும் பேராசிரியர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைத் திராக்ஷைக் கொடிக்குச் சிபாரிசு செய்தபோது, சுண்ணாம்புத் திப்பி மறுபடியும் துளையை அடைத்தது. அத்தேசத்து வெர்மொரேல் என்னும் யந்திர உற்பத்தியாளரின் பெயரால் வழங்கிய நாஸிலில், சுழல் அறையின் பின்புறம் ஒரு சிறு வில்லும் ஊசியும் வைக்கப்பட்டிருந்தன. விரலால் அழுத்தினால் ஊசி துளையை ஊடுருவிக் குப்பையைத் தள்ளும். விட்டால் தானே பின்வாங்கும். துளைக்கென்றே அளவாகச் செய்த ஊசியாதலால் முள்ளைப் போல் விளிம்பைக் கெடுப்பதில்லை. கழற்ற வேண்டியதுமில்லை, ஊத வேண்டியதுமில்லை.

நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்பே கண்ட இந்த உபாயங்கள் நமது சந்தைச் சரக்குகளில் எத்தனையில் இருக்கின்றன என்று கேட்பது குற்றமாகாது. மலிவான கூம்பு நாஸில்கள் பலவற்றில் திரவத்தைச் சுழற்றுவதற்காக நுண்ணிய காடிகள் வெட்டிய சிறு தகடு ஒன்று வைக்கப்படுகிறது. அக்காடிகள் வெளித் துளையைவிடக் குறுகலாயிருப்பின், அடைப்பு வெளியே தெரியாமல் உள்ளேயே உண்டாகும். முள்ளால் குத்தினாலும் அது தீராது; துளை மட்டும் வீணாகும். ஆகையால் வாங்குவோர் நான்கு அம்சங்களைப் பார்க்க வேண்டும். உள்வழி எங்கும் வெளித் துளையைவிடக் குறுகலாயிருத்தல் கூடாது. மூடி கையுறை அணிந்த கையால் கால் சுற்றில் கழலக் கூடியதாயிருக்க வேண்டும். நாஸிலுக்குப் பின்னாலேயே அகன்ற பரப்புள்ள சல்லடை இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு எவ்வளவு திரவம் விடும் என்பது நாஸிலின் மேல் எண்ணாலோ நிறத்தாலோ குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தளையைவிட எவர்சில்வரும் பீங்கானும் தேய்மானத்தை அதிகமாகத் தாங்கும் என்பதையும் நினைவிற்கொள்வது நலம்.

களைக்கொல்லிக்கு வேறு நாஸில் தேவை. திரவம் ஒரு சிறு தகட்டில் மோதி விசிறிபோல் விரியும் வகையில் துளை பெரிதாயிருப்பதால் அடைப்பு அரிது. குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்யும். துளிகள் பெரிதாதலால் காற்றில் போவதும் குறைவு. கூம்பு நாஸிலால் களைக்கொல்லி அடித்து அண்டைப் புஞ்சைப் பருத்தியைக் கருக்குவது அயலாரிடையே வழக்குக்கு வித்திடும். கலங்கல் ஜலம் இங்கே இன்னொரு விதத்திலும் கெடுதி செய்கிறது. கிளைபோசேட், பாராக்வாட் போன்ற களைக்கொல்லிகளைக் களித் துகள்கள் பற்றிக்கொள்வதால் அவற்றின் வீரியம் குறைகிறது. ஜலத்தை முதல் நாளே பீப்பாயில் நிரப்பித் தெளியவிட்டு, மேலுள்ளதை மட்டும் மொண்டு எடுப்பது சிரமமில்லாத காரியம். குடிநீர்ப் பானையில் தேத்தாங்கொட்டை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைத்த நாட்டில் இதைக் கற்பிக்க வேண்டியதில்லை.

வடிகட்டுவதில் ஒரு முறை உண்டு. தொட்டி வாயில் பருத்த சல்லடை, கைப்பிடியில் அதைவிட நுண்ணியது, நாஸிலில் எல்லாவற்றிலும் நுண்ணியது என மூன்று படிகளாக இருக்க வேண்டும். கடைசிச் சல்லடையின் கண் நாஸில் துளையைவிடச் சிறிதாயிருப்பது அவசியம். ஓர் அங்குலத்தில் 50 கண்கள் கொண்ட சல்லடையில் ஒவ்வொரு கண்ணும் சுமார் 0.3 மில்லிமீட்டர்; 100 கண்கள் கொண்டதில் சுமார் 0.15 மில்லிமீட்டர். பொடி மருந்துகளுக்கு 50 கண் சல்லடையே ஏற்றது. அதிலும் நுண்ணியதானால் மருந்தே அதில் தேங்கிவிடும். பொடியைத் தொட்டியில் நேரே கொட்டாமல், வாளியில் கொஞ்சம் ஜலத்தில் குழைத்து வடிகட்டிய பின்பே ஊற்ற வேண்டும்.

இப்பக்கத்தில் அதிகமாகத் தெளிக்கப்படும் இரண்டு கரைசல்களுக்கும் இதே விதி. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தயாரிக்க, 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டி, 100 லிட்டராக்கிக்கொள்ள வேண்டும். நைந்த துணி கூடாது; அதன் நூலே நாஸிலை அடைக்கும். உளுந்து, பாசிப்பயறு பூக்கும் சமயத்திலும் பதினைந்து நாள் கழித்தும் தெளிக்கும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலுக்கு, ஏக்கருக்கு 4 கிலோ உரத்தை முதல் நாள் மாலையே ஊறவைத்து, மறுநாள் அடி வண்டலைக் கலக்காமல் தெளிந்ததை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். வண்டலில் இன்னும் சத்து இருக்குமென்று அதையும் ஊற்றுவோர், சத்தைப் பெறுவதில்லை, அடைப்பையே பெறுகிறார்கள்.

புஞ்சைக்குப் போகும்போது சட்டைப் பையில் சுத்தமான நாஸில் இரண்டும், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் இருந்தால் போதும். அடைத்ததை மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். கழற்றியதைப் பிறகு ஜலத்தில் ஊறவைத்துப் பிரஷினால் துலக்கலாம். வேலை முடிந்ததும் தொட்டியில் நல்ல ஜலம் விட்டுக் குழாய் வழியே ஓடவிட வேண்டும். அந்தக் கழிவு கண்மாயிலோ ஊருணியிலோ விழலாகாது. பருவத்துக்கு ஒரு முறையாவது, வெறும் ஜலத்தைக் கொண்டு, நாஸிலிலிருந்து ஒரு நிமிஷத்தில் வருவதை அளந்து புதிய நாஸிலின் அளவோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகமானால் அதை எறிந்துவிடுவதே லாபம்.

இவையெல்லாம் சம்சாரியின் கடமை மட்டுமல்ல. மானிய விலையில் தெளிப்பான்கள் வழங்கப்படும்போது, ஒவ்வொன்றுடனும் மாற்று நாஸில்கள் இரண்டும், சல்லடைகளும், வாஷர்களும் சேர்த்துக் கொடுக்கும்படி இலாகா நிபந்தனை விதிப்பது நியாயமாகும். 1901-இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சீமையில், குழாய் ஜலத்தில் மட்டுமன்றி மழைக்காலக் கண்மாய் ஜலத்திலும் சோதித்துப் பார்த்த பின்பே ஒரு யந்திரம் சிபாரிசு செய்யப்பட வேண்டும். கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் மருந்தடிக்கும் காலத்தில் தெளிந்த ஜலம் மொள்ள ஒரு தொட்டிக்கு ஏற்பாடு செய்யலாம். உள்ளூர்க் கடையில் மருந்துடன் நாஸிலும் கிடைக்கும்படி சொல்லலாம். கூலிக்கு மருந்தடிப்பவர் பெரும்பாலும் புஞ்சையும் யந்திரமும் இல்லாதவர். அவர் கையில் நல்ல நாஸில் கொடுப்பது புஞ்சைக்காரரின் பொறுப்பு.

2018-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதல் காணப்பட்ட படைப்புழு அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் புகுந்து பெருநஷ்டம் விளைத்தது யாவருக்கும் நினைவிருக்கும். அப்புழு சிறிதாயிருக்கும்போதே குருத்தில் மருந்து விழ வேண்டும். உள்ளே புகுந்து வளர்ந்த பின் அடிப்பது பெரும்பாலும் வீண். மழை இடைவிட்ட ஓரிரு நாட்களே தெளிப்பதற்கு வாய்க்கும் கரிசலில், நாஸிலோடு போராடிப் போகும் ஒரு பொழுது திரும்பி வராது. ஆகையால் இப்பருவத்து மருந்தை வாங்குமுன் நாஸிலையும் சல்லடையையும் கழற்றிப் பார்த்து, வேண்டியவற்றை மாற்றிக்கொள்வது ஒவ்வொரு சம்சாரிக்கும் உத்தமம்.