உரிந்த பூச்சுக்குக் கூடுதல் விலை

தொழிற்சாலையிலேயே பழசாக்கி விற்கப்படும் மின்கிட்டாருக்கு ‘ரெலிக்’ என்று பெயர். 1950களிலும் 60களிலும் வெளிவந்த டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர், லெஸ் பால் கிட்டார்களை அதே அளவில், அதே வடிவில் புதிதாகச் செய்கிறார்கள். பிறகு பூச்சை உரித்து, உலோகத்தை மங்கவைத்து, பல பத்தாண்டுகள் மேடை ஏறிய தோற்றத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1987இல் தொடங்கிய கஸ்டம் ஷாப் பட்டறை 1995இல் இந்த வகையை அறிமுகப்படுத்தியது. தொடக்க ஆண்டுகளில் பழசாக்கும் வேலையை மிசூரி மாநிலத்தில் வின்ஸ் குனெட்டோ செய்து கொடுத்தார். 2009இல் மெக்சிகோவில் தயாரான ‘ரோட் வோர்ன்’ வரிசை அதே தோற்றத்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. கிப்சன் நிறுவனத்தில் இந்த வேலையைச் செய்யும் பட்டறை, அதன் கைவினைஞர் டாம் மர்ஃபியின் பெயரால் மர்ஃபி லேப் எனப்படுகிறது.

பழசாக்கும் முறைக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அது மெல்லியது, காலப்போக்கில் மஞ்சளித்து இறுகி, எளிதில் உடையும். பூச்சும் அதன் அடியிலுள்ள மரமும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. ஆகவே திடீர்க் குளிர் பட்டால் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. பட்டறையில் குளிரூட்டியோ பிளேடால் கீறியோ இதை வரவழைக்கிறார்கள். கை உராயும் இடங்களை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். திருகுகளையும் பிரிட்ஜையும் அமில ஆவியில் வைத்து மங்கச் செய்கிறார்கள்.

உண்மையான தேய்மானம் வேறு வகையில் வருவது. அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகர் 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை 1963இல் கார்க் நகரக் கடையொன்றில் கடனுக்கு வாங்கினார். இரவுக்கு இரவு வாசித்ததில் அவருடைய வியர்வையும் உழைப்புமே அதன் வண்ணத்தைப் பெரும்பாலும் தின்றுவிட்டன. ஃபெண்டர் பின்னாளில் அந்தக் கோலத்தைத் தழும்புக்குத் தழும்பு பிரதியெடுத்து விற்றது. தழும்புகளைப் பிரதியெடுக்க முடிந்தது. அவற்றை உண்டாக்கிய வாசிப்பை எந்தப் பட்டறையாலும் தர முடியாது.

தழும்பு ஒலியைக் கூட்டுமா? மின்கிட்டாரின் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பிக்கப், கம்பி, கம்பியின் நீளம், ஆம்ப், வாசிப்பவரின் கை ஆகியவையே. கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரை 2008இல் பிரதியெடுத்தபோது, ஃபெண்டர் அதைத் தழும்போடும் தழும்பில்லாமலும் இரண்டு விதமாக வெளியிட்டது. இரண்டும் ஒரே கிட்டார், வேறுபாடு மேற்பரப்பில்தான். கஸ்டம் ஷாப் கிட்டார் கையில் இனிமையாக இருப்பதற்குக் காரணம் தேர்ந்த மரமும் நுணுக்கமான கைவேலையும். அந்தக் கைவேலை தழும்பில்லாத கிட்டாரிலும் கிடைக்கிறது.

ரெலிக்கின் நன்மை என்று நியாயமாகச் சொல்லத்தக்கது நெக் பகுதி. பிசுபிசுக்கும் பளபளப்பு போய், விளிம்புகள் உருண்டிருப்பதால் கை தடையின்றி ஓடும். முதல் கீறல் விழுந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்காது. ஆனால் விளிம்பு உருட்டிய, பளபளப்பற்ற நெக் இன்று சாதாரணப் புதிய கிட்டார்கள் பலவற்றிலும் வருகிறது.

கனடாவின் மொன்றியல் நகரில் வாங்குபவர் விலையோடு வரியையும் கணக்கிட வேண்டும். மத்திய வரி 5 சதவீதம், கியூபெக் மாகாண வரி 9.975 சதவீதம். 5,000 டாலர் ரெலிக் ஒன்றுக்கு வரி மட்டும் 748.75 டாலர். அந்த வரிப்பணத்திலேயே ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையர் அஃபினிட்டி கிட்டார் ஒன்றைப் புதிதாக வாங்கிவிடலாம். தனியாரிடம் நேரடியாக வாங்கும் பழைய கிட்டாருக்கு இந்த வரிகள் இல்லை.

இந்த நகரத்தின் குளிர்காலத்தையும் மறக்கக் கூடாது. ஜனவரியில் −20 பாகைக் குளிரில் தூக்கி வந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால், நைட்ரோ பூச்சு தானாகவே வெடிக்கலாம். பட்டறை காசு வாங்கிக்கொண்டு செய்வதை மொன்றியல் இலவசமாகவே செய்யும். பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் அறையில் விட்டுவைப்பதே பாதுகாப்பு. ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் குறையும்போது மரம் சுருங்கி ஃபிரெட் முனைகள் விரலில் குத்தும். அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதம் வரை வைத்திருப்பது எல்லாக் கிட்டாருக்கும் நல்லது. விலை குறைந்த கிட்டார்களின் பாலியூரிதேன், பாலியெஸ்டர் பூச்சுகள் இந்தக் குளிரை நன்றாகத் தாங்குகின்றன.

ரெலிக்குக்கு மாற்று வெகு தொலைவில் இல்லை. ராபர்ட் கோடின் 1972இல் லா பாத்ரி என்ற கியூபெக் கிராமத்தில் தொடங்கிய கோடின் கிட்டார் நிறுவனத்தின் தலைமையகம் மொன்றியல் தீவின் மேற்கிலுள்ள பே-துர்ஃபேயில் இருக்கிறது. கியூபெக் தொழிலாளர்கள் செய்யும் அதன் மின்கிட்டார்கள், கஸ்டம் ஷாப் விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கின்றன. மெக்சிகோவில் தயாராகும் ஃபெண்டர்களும் அப்படியே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

பழைய கிட்டார் வாங்குவோர் ரெலிக்கை அசல் என்று நம்பி ஏமாறக் கூடாது. ஃபெண்டரின் ‘டைம் மெஷின்’ வரிசை ரெலிக்குகளில் நெக் தகட்டின் வரிசை எண் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும். அந்தத் தகட்டை மாற்றிவிட முடியும் என்பதால், உள்ளேயுள்ள வால்யூம் கட்டுப்பாட்டில் பொறித்த ஆண்டு, வாரக் குறியீட்டையும் பழுதுபார்ப்பவரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

வசதி படைத்த சேகரிப்பாளர் ரெலிக் வாங்குவதில் பிழையில்லை. கற்பவரும் மேடை ஏறத் தொடங்கியவரும் நல்ல நடுத்தர விலைக் கிட்டார் ஒன்றை வாங்கி, தேர்ந்த கைவினைஞரிடம் செட்டப் செய்துகொண்டு, மீதிப் பணத்தை ஆம்புக்கும் ஆசிரியருக்கும் செலவிடட்டும். தழும்புகள் வாசிப்பில் வரட்டும்.